அபராதம் போட இவர்கள் யார்?

தோட்டத்தில் இருக்கும் வரையில் காரை எங்கே நிறுத்துவது என்ற கவலை நமக்குக் கிடையாது. லயத்து வாசலில் நிறுத்தலாம். கோயில் மரத்தடியில் நிறுத்தலாம். காஹாங் பட்டணத்துக்கு வந்தால் கடைக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டு மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். ஆனால் நம் பிள்ளைகள் எல்லாரும் இப்போது காஹாங்கிலா வேலை பார்க்கிறார்கள்? குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் ஜொகூர் பாருவிலும் ஆபீஸ், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, பேரங்காடி என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். காலையில் அவசர அவசரமாகக் காரை நிறுத்திவிட்டு வேலைக்குள் நுழைகிறவர்கள் மாலையில் வந்து பார்த்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் நிற இரும்புப் பூட்டு. கண்ணாடியில் ஒரு சீட்டு. நூறு வெள்ளி கட்டு, நூற்றைம்பது வெள்ளி கட்டு என்று அதில் எழுதியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஜாகாவும் தயாராக நிற்கிறார்.

இந்தச் சீட்டைக் கண்டதும் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். முத்திரை குத்திய தாளைக் கண்டாலே பயந்து, வாய் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஒரு சாரார். பால் குறைந்தது, மரம் காயப்பட்டது என்று சொல்லிப் பேரை வெட்டினாலும் எதிர்த்துக் கேட்கத் துணியாத காலத்தின் மிச்சம் இது. சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு, இரும்பு அறுக்கும் ரம்பத்தைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு சாரார். இருவரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அபராதம் போட இவர்கள் யார் என்பதுதான் அந்தக் கேள்வி.

சாலையோரத்தில் நகராண்மைக் கழக அதிகாரி ஒரு சீட்டு வைத்தால் அது வேறு விஷயம். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் பொது அதிகாரிகளுக்குத் தண்டம் விதிக்க அதிகாரம் கொடுத்திருக்கின்றன. அந்தப் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டி வரும். போலீஸ் சம்மனையும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மனையும் கட்டாமல் விட்டால் ரோட் டாக்ஸ் புதுப்பிக்கும்போது தடை வரலாம் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

ஒரு தனியார் கம்பெனிக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது. சீட்டைச் சிவப்பு மையில் அச்சடிக்கலாம். கழுகுப் படமோ கேடயப் படமோ போட்டுக்கொள்ளலாம். மேலே பெரிய எழுத்தில் அறிவிப்பு என்று போடலாம். அதனால் அது அரசாங்கத்துத் தாள் ஆகிவிடாது. மளிகைக் கடைக்காரர் நமக்கு அபராதம் போட முடியுமா? பாக்கியைக் கேட்கலாம், கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம், அங்கே தன் கணக்கு சரி என்று காட்ட வேண்டும். கார் நிறுத்துமிடக் கம்பெனியின் நிலையும் அதுவேதான். அவர்கள் கொடுப்பது ஒரு பில். பில் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மற்ற பாதிக்கு வருவோம்.

உள்ளே நுழைந்தால் ஒப்புக்கொண்டதாகுமா?

"இங்கே நிறுத்தினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினீர்கள். ஆகவே ஒப்புக்கொண்டீர்கள்." கம்பெனிக்காரர்களின் வாதம் இதுதான். சட்டத்தில் இதற்கு இடம் உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு ஒரு கால் வேண்டும்: போர்டு நம் கண்ணில் படும்படி இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தின் வேர் பாதி இங்கிலாந்தில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், அந்த வருடம் ஏப்ரல் 7 வரை இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்துக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்திய தீர்ப்புகள் நம் நீதிபதிகளைக் கட்டாவிட்டாலும், அவர்கள் அவற்றை மதித்துப் படிக்கிறார்கள். ஆகவே லண்டனில் யாரோ ஒருவர் காரை நிறுத்திய கதை ஜொகூர் பாருவில் வேலை செய்யும் நம் பெண்ணுக்கும் உறவாகிவிடுகிறது.

1964-ல் லண்டனில் எக்காளம் வாசிக்கும் கலைஞர் ஒருவர், வானொலி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், ஷூ லேன் என்ற இடத்தில் புதிதாகக் கட்டிய தானியங்கிக் கார் நிறுத்துமிடத்துக்குள் காரை ஓட்டினார். இயந்திரம் ஒரு டிக்கெட்டை நீட்டியது, வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து காரை எடுக்கும்போது விபத்தாகிப் பலத்த காயம். கம்பெனியோ, "எங்கள் நிபந்தனைகள் உள்ளே தூணில் ஒட்டியிருக்கின்றன, டிக்கெட்டிலும் அப்படிச் சொல்லியிருக்கிறோம், காயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பவில்லை. டிக்கெட் கைக்கு வரும்போதே பேரம் முடிந்துவிட்டது; முடிந்த பேரத்தில் பிறகு வந்து புது நிபந்தனையைச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

இன்னொரு வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆஸ்பத்திரிக்குப் போய், அறுவைச் சிகிச்சை வேண்டும் என்ற செய்தியைக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வழியில் குமட்டல் எடுத்தது. கிடைத்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வாந்தி எடுத்தார். சில நிமிடங்களில் திரும்பிப் பார்த்தால் சக்கரத்தில் பூட்டு. நூறு பவுனுக்கு மேல் கட்டித்தான் காரை மீட்டார். எச்சரிக்கைப் போர்டு இருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய வண்டி அதை மறைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், போர்டைப் பார்க்காத ஒருவர் அதற்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது என்று கூறி, கட்டிய பணத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டது.

ஸ்காட்லாந்தில் இதைவிடக் கடுமை. அங்கே 1992-லேயே, தனியார் இடத்தில் காரைப் பூட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதும் திருட்டும் ஆகும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவது குற்றம். அங்கே இரும்புப் பூட்டு போய்விட்டது. பில் மட்டும் போகவில்லை.

எண்பத்தைந்து பவுன் வழக்கு

அந்தப் பில்லை எதிர்த்து ஒருவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். பீவிஸ் என்பது அவர் பெயர். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைக்காரர். செல்ம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் 2013 ஏப்ரலில் காரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் நின்றால் 85 பவுன். பதினான்கு நாளுக்குள் கட்டினால் 50 பவுன். இவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டார். பார்க்கிங்-ஐ என்ற கம்பெனி பில் அனுப்பியது. "நான் நின்றதால் உங்களுக்கு ஒரு காசு நஷ்டம் உண்டா? இடமோ இலவசம். பிறகு எதற்கு 85 பவுன்?" என்று கேட்டார் இவர்.

கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, அல்லவா? அந்தக் கம்பெனி சும்மாவும் இருக்கவில்லை. அந்த இடத்தை நடத்தும் உரிமைக்காக நிலத்துச் சொந்தக்காரருக்கு வாரம் 1,000 பவுன் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது, நேரம் தவறியவர்கள் கட்டும் பணம்தான் அதற்கு வருமானம். யாரும் தவறாமல் நடந்தால் கம்பெனி படுத்துவிடும்! இதையெல்லாம் எடுத்துச் சொல்லியும் 2015 நவம்பர் 4-ஆம் தேதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் பீவிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

ஏன்? நஷ்டம் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. அந்தத் தொகையைக் கேட்பதில் நியாயமான நோக்கம் இருக்கிறதா, தொகை அந்த நோக்கத்துக்கு மிஞ்சிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒருவரே நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்ளாமல் கடைக்கு வருகிற எல்லாருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம். அதற்கு 85 பவுன் அளவுக்கு மிஞ்சியதல்ல. மேலும் அங்கே ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறக்குறைய இருபது போர்டுகள் பெரிய எழுத்தில் இருந்தன. லண்டன் பெண் எந்தக் காரணத்தால் வென்றாரோ அதே காரணத்தில் மீன் கடைக்காரர் தோற்றார் என்று கூடச் சொல்லலாம். பீவிஸ் பணத்தாசையால் வழக்காடியதாக எனக்குத் தோன்றவில்லை. 85 பவுனுக்காக மூன்று நீதிமன்றம் ஏறுகிறவர் பணத்தைப் பார்த்து ஏறவில்லை.

இந்தத் தீர்ப்பு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. வந்த வழிதான் விசித்திரம். நம் 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 75-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. 1995-ல் கூட்டரசு நீதிமன்றம், ஈடு கேட்கிறவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது பணம் கட்ட வேண்டியவர்களுக்குச் சாதகமான காலம். பிறகு 2018-ல் 90 மில்லியன் வெள்ளிக்கு ஒரு சொத்தை விற்பது பற்றிய வழக்கு வந்தது. வாங்க வந்தவர் கட்டியிருந்த முப்பது லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட முன்பணம் பறிபோகலாமா என்பது சிக்கல். அதில் கூட்டரசு நீதிமன்றம் பீவிஸ் வழக்கை எடுத்து வைத்துக்கொண்டு பேசியது. நஷ்டத்தை நிரூபித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதையும் தொகை அதில் எழுதியிருந்ததையும் கேட்கிறவர் காட்டினால் போதும். அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு மீறியவர் தலையில் விழும் என்று முடிவாயிற்று. எண்பத்தைந்து பவுன் பார்க்கிங் பில் தொண்ணூறு மில்லியன் வெள்ளிப் பேரத்துக்கு அளவுகோலாகிவிட்டது!

ஆகவே இன்றைக்கு நம் பிள்ளை, "கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. போர்டு எங்கே இருந்தது, யார் எனக்கு இங்கே நிறுத்த அனுமதி தந்தார்கள், தொகை ஏன் இவ்வளவு என்ற கேள்விகளோடு போக வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனிப்பட்டாவாகப் பிரித்து விற்ற அடுக்கு மாடிகளுக்கும் கடை ஆபீஸ் தொகுதிகளுக்கும் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் உண்டு. அதன் கீழ் 2015-ல் வந்த விதிகளில், தவறாக நிறுத்திய வண்டிக்குப் பூட்டுப் போடவும் இழுத்துச் செல்லவும் அந்தக் கட்டட நிர்வாகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் பூட்டைத் திறப்பார்கள். ஆனால் நிர்வாகம் விதிக்கும் கட்டணம் 200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. வண்டியை இழுத்துச் சென்றிருந்தால் அதற்கான உண்மைச் செலவும், வைத்திருந்த கட்டணமும் தனி. இந்த விதி பேசுவது அடுக்குமாடி நிர்வாகத்தைப் பற்றித்தான். யாரோ ஒரு நிலத்துக்காரர் நாலு இரும்புப் பூட்டு வாங்கி வைத்துக்கொண்டு, "எனக்கும் சட்டம் இருக்கிறது" என்று இதைக் காட்ட முடியாது.

வேலை இடத்துச் சிக்கல்

கடைக்குப் போகிறவர் வேறு கடைக்குப் போகலாம். வேலைக்குப் போகிறவர் தினமும் அதே கட்டடத்துக்குத்தான் போயாக வேண்டும். வேல்ஸ் நாட்டுத் தலைநகரான கார்டிஃபில் உள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பாருங்கள். வேல்ஸ் அரசாங்கம் 2008-ல் ஆஸ்பத்திரிகளில் கார் நிறுத்தும் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஆனால் தனியார் கம்பெனியோடு முன்பே ஒப்பந்தம் போட்டிருந்த இடங்களில் அது தொடர்ந்தது. இந்த ஆஸ்பத்திரி அவற்றில் ஒன்று. இடமோ போதாது. தாதியரும் மற்ற ஊழியர்களும் வேலை நேரத்துக்குள் வார்டுக்குப் போயாக வேண்டுமே! கிடைத்த இடத்தில் நிறுத்தினார்கள், சீட்டுகள் குவிந்தன. பலர் கட்ட மறுத்தார்கள். 2017-ல் நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சீட்டுக்கு 128 பவுன் வீதம் கட்டச் சொன்னது. ஒருவரிடமே பல சீட்டுகள் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மறு வருடம் ஒப்பந்தம் முடிந்து அங்கும் நிறுத்துவது இலவசமாயிற்று. நோயாளியைப் பார்க்க ஓடினேன் என்ற காரணம் மனிதர் மனத்தைத் தொடுகிறது, ஒப்பந்தத்தைத் தொடுவதில்லை. சீட்டு ஒன்றாக இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், நிர்வாகத்தையும் சேர்த்து இழுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஜொகூர் பாருவில் ஓர் ஆபீசில் கிராணி வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வாரம் ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன். "டீச்சர், காருக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. நூத்தம்பது வெள்ளி கேக்குறாங்க. எங்கிட்ட அறுபதுதான் இருக்கு. இது கவர்மென்ட் சம்மனா டீச்சர்? பாஸ்போர்ட் எடுக்க விடமாட்டாங்களா?" என்று அழுகிறாள். சம்மன் இல்லை அம்மா, பயப்படாதே என்று சொல்லிவிட்டு, முதலில் போர்டு எங்கே என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: கட்டடத்தின் மறு பக்கத்து நுழைவாயிலில் ஒன்று இருக்கிறது, இவள் தினமும் வருகிற பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே நிறுத்தச் சொன்னதே அவளுடைய ஆபீஸ் மேற்பார்வையாளர்தான்.

ராத்திரி நேரம், தனியாக நிற்கிற பெண். வாதாடுகிற வேளையா அது? சிநேகிதியிடம் கடன் வாங்கிக் கட்டச் சொன்னேன். ஆனால் ரசீதில், "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று மலாயில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஜாகா முதலில் முறைத்தாராம். பிறகு, எழுதினால் எழுதிக்கொள் என்று விட்டுவிட்டாராம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர். பூட்டு, கார், பின்பக்க வாசல், போர்டு இல்லாத சுவர், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மறு நாள் மேற்பார்வையாளரிடம், தாம்தான் அங்கே நிறுத்தச் சொன்னதாக நாலு வரி எழுதி வாங்கினாள். அவர் நல்ல மனிதர், எழுதிக் கொடுத்தார். முதல் கடிதத்துக்குக் கட்டட நிர்வாகத்திடமிருந்து பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்தில் படங்களை இணைத்து மூன்று கேள்வி கேட்டோம். எந்தச் சட்டத்தின் கீழ், அல்லது எந்த ஒப்பந்தத்தின் கீழ் இந்தப் பணத்தை வாங்கினீர்கள்? பின்பக்கத்தில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? நூற்றைம்பது வெள்ளி எப்படி வந்தது? பதினான்கு நாளில் பதில் இல்லாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்றும் எழுதினாள். பத்தாம் நாள் 100 வெள்ளி அவள் கணக்குக்கு வந்தது. மீதி ஐம்பது நிர்வாகச் செலவாம்! நானாயிருந்தால் அந்த ஐம்பதையும் விட்டிருக்க மாட்டேன். "போதும் டீச்சர், தினமும் அவங்க முகத்துல முழிக்கணும்" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு மாணவன் கதை வேறு மாதிரி. தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். விருந்தினருக்கு ஒதுக்கிய இடத்தில், கதவு அகலப் போர்டுக்குக் கீழேயே மோட்டாரை நிறுத்தியிருக்கிறான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் 50 வெள்ளி பிடித்திருக்கிறார்கள். நிறுத்தியது தப்புத்தான், அதை நான் அவனிடமே சொன்னேன். ஆனால் சம்பளத்தில் கை வைக்க முதலாளிக்கு யார் உரிமை கொடுத்தது?

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் உழைத்த காலத்தில் பிறந்த சட்டம் அது. அதன் 24-ஆவது பிரிவு, எதையெதைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், சட்டம் அனுமதித்த பிடித்தம், தொழிலாளியே எழுதிக் கேட்டுக்கொண்ட சந்தா என்று ஒரு கணக்கு இருக்கிறது. வேறு சில பிடித்தங்களுக்குத் தொழிலாளியின் எழுத்துமூலமான வேண்டுகோளோடு தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். முதலாளி தாமாகவே நினைத்துப் போடும் பார்க்கிங் அபராதம் அந்தக் கணக்கில் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவாயிருந்தாலும் இந்தப் பிரிவு தீபகற்பத்தின் தனியார் துறை ஊழியர்களுக்குப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பூட்டைத் திறக்க முதலாளியிடம் நாமே கேட்டுப் பணம் வாங்கியிருந்தால் அது முன்பணமாகிவிடும், அதைப் பிடிக்கலாம்.

பையன் தொழிலாளர் இலாகாவுக்குச் சம்பளச் சீட்டோடு போனான். வக்கீல் இல்லை, செலவு இல்லை. அடுத்த மாதம் 50 வெள்ளி திரும்பி வந்தது. கூடவே, விருந்தினர் இடத்தில் நிறுத்தியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்து அவனுடைய கோப்பில் ஏறிவிட்டது! அதை எதிர்த்து எழுதட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அது அவர்கள் உரிமை என்றேன்.

ரம்பத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு அவர்கள் சொத்து. அறுத்தால், பூட்டுப் போட்டது சரியா என்ற பேச்சு போய், சேதம் விளைவித்த குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அவர்கள் விடையளிக்க வேண்டிய இடத்தில் உங்களை நிறுத்திவிடும்.

பணம் கட்டியாகிவிட்டது, கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் எங்கே போவது? கட்டணம் வாங்கி நடத்தும் நிறுத்துமிடம் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரையில் கோரலாம். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. ஆகவே கம்பெனியின் கோட்டுப் போட்ட வக்கீலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைக்கும் தனி வழி உண்டு. அதில் வழக்குத் தொடுக்கும் வசதி தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய புகார்களுக்கு ஆலோசனை சொல்வதைப் பல வருடங்களாகச் செய்து வருகின்றன.

கடிதம் எழுதுகிறவர்கள் நீட்டி முழக்க வேண்டாம். கோபத்தையும் அதில் கொட்ட வேண்டாம். தேதி, நேரம், வண்டி எண், எந்த வாசல் வழியாக வந்தீர்கள், யார் அனுமதி தந்தார், எவ்வளவு கட்டினீர்கள், அந்த மூன்று கேள்விகள். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். மலாயில் எழுதுங்கள், தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கிற பிள்ளையையோ ஆசிரியரையோ கேளுங்கள். கட்டட நிர்வாகத்துக்கு ஒன்று, அவர்கள் அமர்த்திய கம்பெனிக்கு ஒன்று, உங்கள் முதலாளிக்கு ஒரு நகல். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பார்க்கிங் சீட்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பார்க்கிங் சீட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிற தாள். இரண்டு மூன்று மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஒரு போட்டோ பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.